பெட்ரோல் வரிசையைக் கலைத்த பேச்சு

அமெரிக்காவில் ராஜா கிடையாது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை தாங்களே ஒருவரைப் பொறுக்கி எடுத்து, மிச்ச நாளெல்லாம் அவரைத் திட்டுவார்கள். எழுபதுகளில் அப்படித் திட்டு வாங்க வந்து உட்கார்ந்தவர் அதிபர் ஹாஸ்கின்ஸ். பாவம், மனுஷனுக்கு நேரம் சரியில்லை. போரில் ஜெயித்துக்கொண்டே இருக்கிறோம் என்று அவருக்கு முந்தியவர்கள் வருஷக்கணக்கில் சொன்னார்கள், தோற்றுத் திரும்பினார்கள். விலை இறங்கும் என்றார்கள், ஏறியது. எங்கள் கை சுத்தம் என்றார்கள். சொன்னவர்களே ஜெயிலுக்குப் போனார்கள். அப்புறம் வெள்ளை மாளிகையிலிருந்து யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட, விடிந்துவிட்டதா என்று ஜனங்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெட்ரோலுக்குக் கியூ. பங்க்குக்குப் பங்க்கு கார்கள் தெருக்கணக்கில் நின்றன. தள்ளுமுள்ளு, அடிதடி. அதிபர் டிவியில் தோன்றி, "பெட்ரோல் போதுமான அளவு இருக்கிறது. யாரும் அவசரப்பட வேண்டாம்" என்றார். மறுநாள் கியூ இரண்டு மடங்கு நீண்டது.

அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் டெல்மர். மாளிகையில் அதுதான் அவன் வேலை. அவனைக் கண்டாலே ஆகாதவர் தலைமைச் செயலர் ரீவ்ஸ். இதுதான் சமயம் என்று நன்றாகப் போட்டுக்கொடுத்தார்.

"உன் பேச்சோட லட்சணத்தைப் பார்த்தியா?" என்று அதிபர் சீறினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள கியூ கலையணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

"வெளியிலயும் வேலை கிடைக்காதுப்பா" என்று ரீவ்ஸ் இனிமையாகச் சொன்னார். "இங்க இருந்தவன்னு தெரிஞ்சா எவன் சேர்ப்பான்?"

அந்த ஆள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

டெல்மர் நேராக ஒரு பங்க்குக்குப் போனான். கியூவில் நின்ற ஒருவரின் காருக்குள் எட்டிப் பார்த்தான். பெட்ரோல் முள் முக்காலைத் தாண்டி நின்றது.

"டேங்க் நிறைய இருக்கே! எதுக்குங்க நிக்கறீங்க?"

"போதுமான அளவு இருக்குன்னு அதிபரே சொல்லிட்டாரே, கேக்கலையா? அப்ப சுத்தமா தீர்ந்துபோச்சுன்னுதானே அர்த்தம்?"

டெல்மருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாளிகைக்கு ஓடிப் புதுப் பேச்சு ஒன்று எழுதினான். படித்துப் பார்த்த அதிபர் வெலவெலத்துப் போனார். ஆனாலும் வேறு வழி? மென்று விழுங்கி டிவியில் வாசித்தார்.

"பெட்ரோல் தீரப்போகிறது. எல்லோரும் உடனே பங்க்குக்கு ஓடி டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள்."

நாடே கண்ணடித்துச் சிரித்தது. "எண்ணெய்க் கம்பெனிக்காரன் சரக்கைத் தள்ளிவிடப் பாக்கறான்! விலை இறங்கப்போகுது. இப்ப எவன் போய் வாங்குவான்?"

வெள்ளிக்கிழமை பங்க்குகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. டெல்மரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இன்னிக்கே டிவியில உன்னைப் பாராட்டறேன். என் அரசாங்கத்துலயே பரம யோக்கியன், கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு ஊரறியச் சொல்றேன்!"

டெல்மரின் முகம் வெளுத்தது. "ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரன். இந்த ஊர்லதான் குடியிருக்கணும். அந்தப் பாராட்டை நம்ம ரீவ்ஸ் ஐயாவுக்கே குடுத்துடுங்களேன்."

அதிபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று சாயங்காலமே டிவியில் ரீவ்ஸைப் பாராட்டோ பாராட்டென்று பாராட்டினார்.

விடிந்ததும் ரீவ்ஸின் சட்டைப்பையைச் சோதனை போட்ட முதல் ஆள், அவர் மனைவி.