ஆறரை மணி வண்டிக்குக் கட்டிய பை

ஏங்க, உங்கள் வீட்டுப் பிள்ளையை ஏழு நாளைக்கு வெளியூர் அனுப்பப் பை கட்டியிருக்கிறீர்களா? கட்டியிருந்தால் தமயந்தியைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள். கட்டாதவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு மே மாதம் வரும்.

ராசிபுரத்துப் பக்கம் ஓர் ஊர். அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் ஜீவரேகா சிலம்பம் கற்றுக்கொடுக்கிறார். வயது இருபத்தாறுதான். கம்பைச் சுற்ற ஆரம்பித்தால் சுற்றி நின்று நாலு பேர் கூழாங்கல் வீசினாலும் ஒன்றுகூட மேலே படாது. பேச்சும் அப்படித்தான். வேண்டாத சொல் ஒன்றுகூட வெளியே வராது.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அம்மாக்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதைப் பார்த்தவர், ஒருநாள் அவர்கள் கையிலும் கம்பைக் கொடுத்துவிட்டார். அப்படிச் சிஷ்யை ஆனவள் தமயந்தி. வயது முப்பத்து நாலு.

எட்டு வயது இளையவரை எப்படிக் கூப்பிடுவது? அதற்கு அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, ஆசான். கோட்டுக்கு வெளியே, தங்கச்சி. ஆசானும் அப்படியே. உள்ளே பெயர் சொல்லி அதட்டுவார். வெளியே வந்தால் "அக்கா".

தமயந்தியின் மகள் மிருதுளாவுக்குப் பத்து வயது. ஆசான் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கொல்லிமலைக்கு முகாம் கூட்டிப்போவார். போன வருஷம் மிருதுளாவும் போனாள். இரண்டாம் நாளே, "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அழுது போன் வந்தது. அவள் அப்பா போய்க் கூட்டிவந்தார். அதன்பிறகு ஒரு மாதம் அவள் மைதானத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. இந்த வருஷம் அவளாகவே பெயர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"இந்தத் தடவையும் பாதியில வந்துட்டேன்னா, நான் கம்பையே தொடமாட்டேன்மா."

பத்து வயதுப் பிள்ளை சிரிக்காமல் சொன்ன பேச்சு. போன வருஷம் பையில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது, அதனால்தான் பிள்ளை தவித்துப் போயிருக்கிறாள் என்று தமயந்தி முடிவு கட்டினாள். இந்தத் தடவை ஒரு குறையும் இருக்கக் கூடாது.

நான்கு நாள் கட்டினாள். ஜவுளிக்கடை மஞ்சப்பைகள் பதினாலு. ஒவ்வொன்றிலும் ஒரு வேளைக்கான உடுப்பு. மேலே சீட்டு: திங்கள் காலை, திங்கள் மாலை, செவ்வாய் காலை. சாக்ஸ் உள்பட எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் பெயர். எண்ணெய் பாட்டில் மூடிக்கு பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்டு. துவைக்கிற சோப்பு பாதி வெட்டியது. டார்ச், ஊக்கு, சீப்பு, பேன் சீப்பு, கொசுவர்த்தி, தைலம், சர்க்கரை உப்புக் கரைசல் பொட்டலம், முறுக்கு டப்பா. எழுதிய பட்டியலை எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று.

"நாயன்மார் கணக்கு சரியா இருக்குது" என்றார் அவள் வீட்டுக்காரர். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிருதுளா பை மேல் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் ஜிப் மூடியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் நாலு மணிக்கு ஜீவரேகா வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். தமயந்திதான் வரச்சொல்லியிருந்தாள்.

"வாங்க தங்கச்சி, உள்ள வாங்க."

"பையைப் பாக்கணும்னீங்களே அக்கா. பாக்க வந்தது தங்கச்சியா, ஆசானா?"

தமயந்தி யோசித்தாள். "ஆசான்."

"அப்பக் காபி வேணாம்."

"தங்கச்சிக்கு?"

"தங்கச்சிக்குச் சர்க்கரை கம்மியா."

காபியை வைத்துவிட்டு, தமயந்தி பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆசான் குனிந்து பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்தார். சோப்பை வெட்டிய இடத்தைக்கூடப் பார்த்தார்.

"அருமையாக் கட்டியிருக்க, தமயந்தி."

அதைக் கேட்டதும் நான்கு நாள் இடுப்பு வலி ஓடியே போனது.

"இதுல என்ன குறையுதுங்க ஆசான்? ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சொல்லிருங்க. ஓடிப்போய் வாங்கிட்டு வந்துர்றேன்."

ஆசான் இடுப்பில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்தார். மைதானத்தில் வாரம் ஒருநாள் கண்ணைக் கட்டிவிட்டு, சத்தத்தை வைத்துக் கம்பு வீசச் சொல்வார். அதற்கான துண்டு அது. மிருதுளாவைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டினார். பை முன்னால் உட்காரவைத்தார்.

"மிருது, மலையில கரண்ட் போயிருச்சு. டார்ச்சை எடு."

மிருதுளா கையை விட்டாள். வியாழன் மாலை வந்தது. முறுக்கு டப்பா வந்தது. சனி காலை வந்தது.

"அம்மா, டார்ச் எங்கம்மா?"

தமயந்தி வாயைத் திறந்தாள். ஆசான் விரலைத் தூக்கினார். தமயந்தி வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, விடு. கால்ல முள்ளு குத்திருச்சு. ஊக்கை எடு."

மிருதுளாவின் கை மஞ்சப்பைகளுக்கு நடுவே போய்ப் போய் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"போன வருசமும் இப்படித்தான்" என்றாள். கட்டிய துண்டுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது குரல். "எல்லாமே இருந்துச்சு ஆசான். எது எங்க இருக்குதுன்னுதான் தெரியல. எல்லாரும் குளிச்சுட்டு வரிசையில போய் நின்னுட்டாங்க. நான் மட்டும் துண்டைத் தேடிட்டே இருந்தேன். கேக்கலாம்னா, அம்மா இங்க இருக்குது."

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது.

ஆசான் நனைந்திருந்த துண்டை அவிழ்த்தார். அதையே தமயந்தியின் கண்ணில் கட்டினார்.

"டார்ச்."

தமயந்தி கையை விட்ட வேகத்தில் டார்ச் வெளியே வந்தது.

"ஊக்கு."

வந்தது.

"புதன்கிழமை மாலைச் சட்டை. தைலம். பேன் சீப்பு."

மூன்றும் வரிசையாக வந்து விழுந்தன. மிருதுளா அழுகையை மறந்து கைதட்டினாள். "அடேங்கப்பா, எங்கம்மா!" தமயந்திக்குக் கட்டிய கண்ணோடே சிரிப்பு பொங்கியது. இருட்டில் அறுபத்து மூன்றையும் எடுப்பாள் அவள்.

ஆசான் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"காலையில ஆறரைக்கு வண்டி. நேரத்துக்கு வந்துரு, தமயந்தி."

"கண்டிப்பாங்க ஆசான். நானே கொண்டுவந்து ஏத்திவிட்டுட்டு..."

"ஏத்திவிட இல்ல. ஏற."

"நானா?"

"பை உன்னோடதுதானே."

மிருதுளா தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். "அம்மா முகாமுக்குப் போகுது! அம்மா வரிசையில நிக்கப்போகுது!" தமயந்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். எழுந்தாள். பையைத் தலைகீழாகப் பிடித்து ஒரே உதறு. நான்கு நாள் வேலை நடுவீட்டில் குவிந்தது.

"நீ கட்டு சாமி" என்றாள்.

மிருதுளா கட்டினாள். தமயந்தி இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். பிடித்து வைக்காவிட்டால் அவை தாமாகவே ஓடிவிடும்.

முதலில் முறுக்கு டப்பா. அதன்மேல் உடுப்புகள், மஞ்சப்பை இல்லாமல் சுருட்டிச் சுருட்டி. டார்ச்சைப் பையின் வாரில் ஷூ லேஸ் கொண்டு கட்டினாள். துண்டு எல்லாவற்றுக்கும் மேலே. ஊக்கைத் துண்டிலேயே குத்தினாள். தமயந்தி மனதுக்குள், 'ஐயோ, இது எனக்குத் தோணலையே' என்று நினைத்தாள்.

மிருதுளா சீப்பை ஒதுக்கி வைத்தாள்.

"ஏன் அம்மிணி, சீப்பு வேணாமா?"

"சம்யுக்தாகிட்ட இருக்குது."

"அடுத்தவ சீப்பா? பேனு வந்துருமே!"

"பேன் சீப்பும் அவகிட்ட இருக்குதும்மா."

ஆசான் காபித் தம்ளரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அறுபத்து மூன்றில் இருபத்தொன்று பைக்குள் போனது. மிருதுளா அப்பாவின் அலமாரிக்குப் போய் எதையோ கொண்டுவந்து அடியில் திணித்தாள். ஜிப் தானாக மூடியது. அவள் பையைத் தோளில் மாட்டி, வாசல்வரை நடந்து காட்டினாள்.

மிச்சச் சாமான்களோடு கட்டில்மேல் ஸ்வெட்டர் கிடந்தது. ரோஸ் நிறம், வெள்ளை பொத்தான். அதை மறந்துவிட்டாள் பிள்ளை.

தமயந்திக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் பழையபடி அம்மா கட்டிய பை ஆகிவிடும். சொல்லாவிட்டால் பிள்ளை நடுங்குவாள், நடுங்கினால் அழுவாள், அழுதால் போன் வரும்.

"ஆசான், மலையில குளிருமே?"

"குளிரும்" என்றார் ஆசான். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் மைதானத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளேயே வண்டி நின்றது. கம்புகளைக் கட்டாகக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிருதுளா சம்யுக்தாவோடு ஜன்னலோரம் இடம் பிடிக்க ஏறிப்போனாள். தமயந்தி மெல்ல வண்டிக்குப் பின்னால் வந்தாள். கூடையில் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஸ்வெட்டரை எடுத்தாள்.

"ஆசான், கோவிச்சுக்காதீங்க. அவகிட்டக் கொடுக்க வேணாம். நீங்க வச்சுக்குங்க. ரொம்ப நடுங்கினான்னா மட்டும்..."

ஆசான் தன் சாக்குப் பையின் வாயை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே சிவப்பு, நீலம், பச்சை, பூப்போட்டது, குல்லா வைத்தது.

"இத்தனையும் யாரோடது?"

"மரத்தடியில நிக்கிறாங்களே, அவங்களோடது. உன்னோடது பதினெட்டாவது."

மரத்தடியில் நின்ற அம்மாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அம்மா!" மேலே ஜன்னலிலிருந்து மிருதுளா. "அதை எதுக்குமா கொண்டுவந்தே?"

கையும் களவுமாக மாட்டியாயிற்று. "நீ மறந்துட்டியேன்னுதான் கண்ணு..."

"யாரு மறந்தா?" தடதடவென்று இறங்கி வந்தாள். ஸ்வெட்டரை வாங்கி, அங்கேயே கைகளை நுழைத்தாள். அதன் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. பொத்தான்களும் துளைகளும் ஒரு சாண் இடைவெளியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. "மார்கழிக்கே பத்தலைம்மா. அதனாலதான் அப்பாவோட கம்பளிச் சட்டையை அடியில வச்சேன். அது முட்டிவரைக்கும் வருது. பொத்திக்கிட்டே தூங்கலாம்."

தமயந்தி மகளைப் பார்த்தாள். காலர் காலராகப் பெயர் தைத்தாள், சாக்ஸில்கூடத் தைத்தாள். அதைப் போட்டுக்கொள்கிறவள் தன் தோளுக்கு வந்துவிட்டதை இப்போதுதான் பார்க்கிறாள். போன வருஷம் இடுப்புக்கு மேலே ஒரு சாண்தானே இருந்தாள்?

ஆசான் கம்புக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவினார். மிருதுளாவின் கம்பு. மைதானத்தில் அவரவர் கம்பு அவரவர் நெற்றிப் பொட்டுவரை இருக்க வேண்டும். போன வருஷம் தமயந்திதான் தன் அண்ணன் தோட்டத்து மூங்கிலில் அளந்து வெட்டினாள். பரீட்சை, பரீட்சை என்று இரண்டு மாதமாக அது மூலையில் சாய்ந்திருந்தது.

ஆசான் அதை மிருதுளாவின் முன்னால் நட்டுப் பிடித்தார். மூக்கு நுனியோடு நின்றது கம்பு.

தமயந்தி துப்பட்டா ஓரத்தால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஒற்றிக்கொண்டே சிரித்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். மிருதுளா ஸ்வெட்டரைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். கன்னத்தில் அவசரமாக ஒரு முத்தம். ஓடிப்போய் ஏறிவிட்டாள். போன வருஷம் ஏறும்போது நான்கு தடவை திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை திரும்பவில்லை. தமயந்தி கோட்டுக்கு வெளியே போய் நின்றாள்.

ஜீவரேகா படியில் ஒரு காலை வைத்தவர், இறங்கித் திரும்பி வந்தார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, வெளியே தமயந்தியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு உதவி."

"சொல்லுங்க தங்கச்சி."

"ஏழாம் நாள் சாயங்காலம் வந்து இறங்குவோம். அதுக்குள்ள அவளுக்கு ஒரு புதுக் கம்பு வெட்டி வையுங்க."

"வெட்டி வச்சுர்றேன். நெத்திப் பொட்டு வரைக்கும். இப்பப் பாத்தேனே, அளவு கண்ணுலயே நிக்குது."

"அந்த அளவுக்கு வேணாங்கக்கா" என்றார் ஜீவரேகா. "ஒரு விரற்கடை கூடவே விட்டு வெட்டுங்க."