கயிறு சொன்ன சேதி

பங்குனி பிறந்தால் வேலம்மையின் இலவந்தோப்பில் பஞ்சு பறக்கும். காய் வெடித்துக் காற்றில் ஏறிய பஞ்சு, தரைக்கு வர மனமில்லாமல் மரங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் தோப்புக்குள் நடக்கிறவருக்கு, நாம் விழித்திருக்கிறோமா, உறங்குகிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

அங்கேதான் வேலம்மை நாய்களைப் பழக்கினாள். பார்வை இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும் நாய்கள். பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்த இசக்கியப்பனுக்கு அவளைவிடப் பதினெட்டு வயது கூடுதல். அதற்குமுன் கல்குவாரியில் இருபத்திரண்டு வருடம் விசில் ஊதியவர். திரியில் தீ வைத்ததும் அவர் ஊத வேண்டும். எல்லோரும் ஓடி ஒதுங்கியபின் பாறை வெடிக்கும். வெடிக்கு முந்தைய நொடி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. வேலம்மையும் கேட்கவில்லை.

"இங்க சத்தமே இல்லையே அம்மா" என்றார் வந்த அன்று, நிம்மதியாக.

"எனக்கு எங்கயுமே இல்லை அண்ணாச்சி" என்றாள் வேலம்மை. பிறகு ஒரு பழுப்பு நாயின் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

நாயின் பெயர் சுக்கு. நல்ல புத்திசாலி. பள்ளம் கண்டால் நிற்கும், மாடு குறுக்கே வந்தால் ஒதுங்கும். எல்லாம் சரிதான், ஒரு சத்தம் கேட்காத வரைக்கும். அடுப்படியில் ஒரு மூடி விழுந்தால் போதும், கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடி விறகுக்கட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அப்புறம் அரை நாளைக்கு அதன் வாலைக்கூடப் பார்க்க முடியாது.

இசக்கியப்பன் சும்மா இருப்பாரா? பால்காரரைத் தோப்புக்கு வெளியிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்னார். பானைகளுக்கு அடியில் சாக்கு விரித்தார். ஓயாமல் கொக்கரித்த இரண்டு கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குத் தானமாகவே கொடுத்துவிட்டார். கடைசியில் சுக்குவின் காதில் இலவம்பஞ்சை அடைத்துப் பார்த்தார். அது தலையை ஒரு உதறு உதறியது. பஞ்சு அவர் மீசையில் வந்து ஒட்டிக்கொண்டது.

தோப்பு ஊமையாகிப் போனது. சுக்குவோ இப்போது சருகு விழும் சத்தத்துக்கே ஓடியது.

இதற்கிடையில் அன்னத்தாய் காத்திருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள், பூ கட்டுகிறவள். நாலு முழம் பூவை நாலு பேச்சுக்குள் கட்டி முடித்துவிடுவாள். தினமும் அவள் கையைப் பிடித்துப் பாத்திரக்காரத் தெரு வழியாகப் பூக்கடைக்குக் கூட்டிப்போன அக்கா தை மாதம் தவறிவிட்டாள். உத்திரத்தன்று தம்பி வருகிறான், தன் ஊருக்கு அழைத்துப்போய் மூன்றாவது மாடியில் உட்கார வைக்க. நாய் கிடைத்துவிட்டால் போக வேண்டாம்.

"எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது அண்ணாச்சி. எப்படியாவது அதைத் தேத்திக் குடுத்திருங்க" என்று அவள் கேட்டபோது இசக்கியப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார். பாத்திரக்காரத் தெரு என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியல் அடிதான். உத்திரத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்.

அவர் வேலம்மையின் எதிரே போய் நின்றார்.

"அம்மா, இந்த நாயோட பயத்தை எப்படிப் போக்குறது?"

வேலம்மை சுக்குவின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். அதைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். மறுமுனையை அவரிடம் நீட்டினாள்.

"பாத்திரக்காரத் தெருவுக்குப் போயிட்டு வருவோம்."

"நாய்?"

"அது தூங்கட்டும்."

தெருமுனைக்கு வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பெண்பிள்ளையைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போகிறாரே இந்த மனுஷர் என்று தெருவே பார்த்தது. இசக்கியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபுறமும் சுத்தியல்கள் ஏறி இறங்கின. எப்படியோ நடந்து, எப்படியோ திரும்பி வந்தார்.

தோப்புக்கு வந்தபின்தான் வேலம்மை கண்ணைத் திறந்தாள்.

"பதினேழு பெரிய சத்தம். ஒன்பதாவது ரொம்பப் பெரிசு."

இசக்கியப்பன் திகைத்துப் போனார். அவரும் எண்ணியிருந்தார். பதினேழுதான். ஒன்பதாவது, ஒருவர் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அடித்த அடி.

"உங்களுக்குத்தான் காது கேக்காதே அம்மா?"

"கேக்காது. கயிறு இறுகுச்சு."

"சத்தத்துல கை தானா இறுகத்தானே செய்யும்?"

"கயிறு இறுகுச்சு. அதுக்கு அப்புறம்தான் அந்தச் சத்தத்துல காலுக்கடியில தரை அதிர்ந்துச்சு."

இசக்கியப்பன் தன் வலது கையைப் பார்த்தார். அது இன்னமும் மூடியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். அவள் கேட்காமலே சொன்னார்.

"விசில் ஊதினேன் அம்மா. எல்லாரும் ஓடினாங்க. கூட வேலை பாத்த மரியதாஸ் மட்டும் பாதி வழியில நின்னு, விட்டுட்டு வந்த தூக்குவாளியை எடுக்கத் திரும்பிப் போனான். மறுபடியும் ஊதினேன். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டினான்."

அழுதார். வேலம்மை அவர் உதட்டிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டு, சீனிக்கிழங்கு அவிக்கப் போனாள்.

மறுநாள் காலை மூவரும் தோப்புக்குப் பின்னால் இருந்த மொட்டைப்பாறையில் போய் உட்கார்ந்தார்கள். கீழே ஊர் பனிக்குள் கிடந்தது. பாத்திரக்காரத் தெருவின் சுத்தியல் சத்தம் அவ்வளவு உயரத்துக்கு வருவதற்குள் இளைத்துப்போய், காய்ந்த நெற்றுக்குள் விதை ஆடுகிற மாதிரி கேட்டது. பஞ்சு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் வரும்போதெல்லாம் வேலம்மைக்கு இசக்கியப்பன் தலையசைத்துக் காட்டுவார். அவள் சுக்குவுக்கு ஒரு துண்டு கிழங்கு கொடுப்பாள். அவருக்கும் ஒரு துண்டு கொடுப்பாள்.

"எனக்கு எதுக்கு அம்மா?"

"ஒரு ஜீவனைத் தின்ன வச்சுட்டு இன்னொண்ணைப் பாக்க வைக்கலாமா?"

நியாயம்தான் என்று அவர் தின்றார். அடுத்த நாள் பாறையிலிருந்து பத்து பனை தூரம் கீழே. அதற்கடுத்த நாள் இன்னும் பத்து பனை. பால்காரரின் சைக்கிள் மணி மறுபடி தோப்புக்குள் ஒலித்தது. தானம் போன கோழிகள் திரும்பி வந்தன.

பதினோராம் நாள் ஆற்றுப்பாலத்தருகே உட்கார்ந்திருந்தபோது வேலம்மை சட்டென்று எழுந்தாள்.

"நேத்து இருந்த இடத்துக்கே போவோம்."

"ஏன் அம்மா? சுக்கு தின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஆமா. அது தின்னுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் வேலம்மை.

அப்போதுதான் இசக்கியப்பன் தன் வாய்க்குள் மெல்லாமல் கிடந்த கிழங்கைக் கவனித்தார். அவள் பின்னால் நடந்தார்.

உத்திரத்துக்கு முந்தின நாள் அன்னத்தாய் தெருமுனையில் வந்து நின்றாள். தம்பி பெட்டியோடு திண்டாடிக்கொண்டு பின்னால் நின்றான், ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டான். இசக்கியப்பன் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். கொடுத்த கை வெறுமையாகி, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொங்கியது. வேலம்மை அந்தக் கையில் ஒரு துண்டு கிழங்கை வைத்தாள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

சுக்கு நடந்தது. அன்னத்தாய் நடந்தாள். இசக்கியப்பன் பக்கத்தில் நடந்தார், வேலம்மையும் தம்பியும் பின்னால் வந்தார்கள். முதல் பட்டறை, இரண்டாவது பட்டறை. சுக்குவின் காது மட்டும் முன்னும் பின்னும் ஆடியது.

கடைசிப் பட்டறையில் ஒருவர் தோளிலிருந்து பெரிய அண்டா நழுவியது.

அது கல்தரையில் விழுந்து உருண்ட ஓசையில் தெரு முழுக்க ஒரு கணம் நின்றுவிட்டது. சுக்கு வயிறு தரையில் பட ஒடுங்கியது. "பாத்தியா அக்கா, நான் சொன்னேன்ல" என்று தம்பி முன்னால் வந்தான். சுக்கு தலையைத் தூக்கி இசக்கியப்பனைப் பார்த்தது.

அவருக்கும் நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. கண்ணுக்குள் மரியதாஸ் கையை ஆட்டினான். ஆனால் வாயில் கிழங்கு இருந்தது. இனிப்பாக இருந்தது. இசக்கியப்பன் அதை மென்றுகொண்டே சுக்குவைப் பார்த்தார். கைகள் இரண்டும் விரிந்தே கிடந்தன.

சுக்கு அவர் தாடை அசைவதையே சற்று நேரம் பார்த்தது. பிறகு எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. கயிறு தளர்வாக ஆட, முன்னால் நடந்தது.

"அண்டா விழுந்தா, அண்டா அடிக்கிற கடைசிப் பட்டறை இதுதான். இனி இடது பக்கம் திரும்பணும்" என்றாள் அன்னத்தாய் சந்தோஷமாக. நாயும் அவளும் திரும்பிப் பூக்கடைப் பக்கம் மறைந்தார்கள்.

இசக்கியப்பன் வேலம்மையின் எதிரே வந்து நின்றார்.

"அம்மா, சுக்குவோட பயம் போயிட்டுதா?"

"அதுக்கு ஏது பயம் அண்ணாச்சி? உங்க கயித்துல விசில் கேட்டுச்சு. கேட்ட ஒவ்வொரு தடவையும் சொன்ன பேச்சு தட்டாம ஓடுச்சு."

தெருவில் சுத்தியல்கள் மறுபடி தொடங்கியிருந்தன. எங்கிருந்தோ வந்த ஒரு பஞ்சு இருவருக்கும் நடுவே இறங்கவும் இல்லாமல் ஏறவும் இல்லாமல் நின்றது.

"இன்னைக்கு நீங்க ஊதலை" என்றாள் வேலம்மை.