தீவு என்ற சொல் இல்லாத நாடு

நாலு பக்கமும் கடல் இருந்த ஒரு நாட்டில், படகேறி வருகிறவர்களுக்குப் பாடம் சொல்ல ஒருவர் இருந்தார். பெயர் செங்கமலம். ஊரே அவரை வாத்தியாரம்மா என்றது. அவரும் எந்தக் காலத்திலோ படகில் வந்தவர்தான் என்று பேச்சு.

பொன்னாண்டி அவரிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. அவனைவிட அவருக்கு வயது குறைவு. படிக்க வந்த இடத்தில் வயதைப் பார்த்தால் ஆகுமா என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு உட்கார்ந்தான். பாடம் முடியும்வரை சாப்பாடும் அவர் வீட்டில்தான்.

அவன் வந்த படகு கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றது. அதில் அவன் மனைவி அங்கம்மா இருந்தாள். நாட்டின் வழக்கம் அப்படி. முதலில் புருஷன் இறங்கிப் பாடம் படிக்க வேண்டும். பிறகு நாட்டார் கூடிக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் தேறினால் அடுத்தது மனைவி. தேறாதவர்கள் வந்த வழியே போக வேண்டியதுதான்.

வந்த வழியில் என்ன இருந்தது என்று பொன்னாண்டிக்குத் தெரியும். எரிந்துபோன ஊர். அப்புறம் மகன் வேம்பு. படகில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று படகுக்காரன் கையை விரித்தபோது, "நீங்க போங்கப்பா, அடுத்த படகுல வந்துடறேன்" என்று துறையிலேயே நின்றுகொண்டவன்.

"இந்த நாட்டைப் பத்தி என்ன தெரியும்? சொல்லுங்க," என்றார் வாத்தியாரம்மா.

"இது ஒரு தீவு..."

வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"தீவா? அது என்ன வாத்தியாரம்மா, திங்கிற சாமானா?" என்றாள் ஒருத்தி.

"அந்தச் சொல் இங்கே கிடையாது பொன்னாண்டி. இது நாடு."

"நாலு பக்கமும் தண்ணி இருந்தா தீவுதானேம்மா?"

"வேற கரையைப் பார்த்தவங்களுக்குத்தான் இது தீவு. இவங்களுக்கு நாடு. மறுபடி சொல்லுங்க."

"இது நாடு."

"ம்."

பாடம் அப்படித்தான் தொடங்கியது. நடுவில் ஒரு மலை, அது மொட்டை. மலையிலிருந்து இறங்குவது ஒரே ஆறு. இன்னொன்றும் உண்டு, மழை பெய்தால்தான் அதற்கு ஆறு என்று பெயர், மற்ற நாளில் மாட்டுப்பாதை. மேலே இருப்பவர்கள் கிழங்கு போடுகிறவர்கள். கீழே இருப்பவர்கள் வலை வீசுகிறவர்கள். இரண்டுக்கும் நடுவே உப்புக்காரர்கள். மேலே இருப்பவர்கள் கிழங்கு கொடுத்தால் கையில் வாங்க வேண்டும். கீழே இருப்பவர்கள் மீன் கொடுத்தால் முறத்தில் வாங்க வேண்டும். மாற்றி வாங்கினால் சண்டை.

"உப்புக்காரங்க கொடுத்தா?"

"அவங்க கொடுக்க மாட்டாங்க. கேட்டா, நேத்துதான் தீர்ந்துச்சும்பாங்க. அதையும் தெரிஞ்சுக்கணும்."

பொன்னாண்டி பல நாளுக்குப் பிறகு சிரித்தான். சிரித்ததும் படகு ஞாபகம் வந்தது. எழுந்து கடலைப் பார்க்க, கடல் பக்கத்துச் சுவரோரம் போனான். அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை. இதுவரை அவன் பார்த்த எந்த வீட்டிலும் கடல் பக்கம் ஜன்னல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாட்டார் என்ன கேட்பாங்கம்மா? மலையா, ஆறா?"

"அதெல்லாம் இங்கே பிழைக்கிறதுக்கு. அவங்க கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்லணும்."

அவன் அவரையே பார்த்தான்.

"ஒண்ணுமில்லைன்னா நான் எங்கேருந்தும்மா வந்தேன்?"

"கடல்லேருந்து. மீன் வரலையா?"

"விளையாடாதீங்கம்மா. கண்ணால பார்த்துக்கிட்டே இல்லைன்னு சொல்ற ஜனங்க உண்டா?"

வாத்தியாரம்மா சொன்னார்:

"முன்னே ஒருத்தன் வந்தான். நல்லாப் பேசுவான். எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு தேர் ஓடும், வருஷம் முழுக்க மாம்பழம்னு சொன்னான். கேட்ட பிள்ளைங்க படகு கட்டினாங்க. வீட்டுக்கு ஒருத்தர்னு போனாங்க. திரும்பி வரப்ப கரை தெரியணுமேன்னு பெத்தவங்க மலை உச்சியில தீ மூட்டினாங்க. அணைய விடாம மூட்டினாங்க. மலையில மரமே தீர்ந்துபோச்சு. யாரும் வரலை. அதுக்கப்புறம்தான் நாட்டார் கூடி, அந்தப் பக்கம் ஒண்ணுமில்லைன்னு முடிவு பண்ணாங்க."

பொன்னாண்டி தலை குனிந்துகொண்டான். அதன்பின் அந்தக் கேள்வியைப் பற்றி அவன் பேசவில்லை.

நாட்டார் கூடிய அன்று பெரியநாட்டார் அதைத்தான் கேட்டார். கேட்கும்போது அவர் மலைப் பக்கம் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லை," என்றான் பொன்னாண்டி.

பெரியநாட்டார் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். "நம்ம ஆளு," என்றார். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். உப்புக்காரர் ஒருவர் மடியை அவிழ்த்து ஒரு பிடி உப்பு கொடுத்தார். கூட்டமே ஆச்சரியப்பட்டுச் சிரித்தது.

இளநீர் ஒன்றை எடுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து அவன் படகுக்குப் போனான்.

"முடிஞ்சுது அங்கம்மா. ஒரே கேள்வி, ஒரே சொல். சொல்லிட்டு இறங்கிடு."

அவன் கேள்வியைச் சொன்னான். அங்கம்மா இளநீரை வாங்கவில்லை.

"நீ என்னய்யா சொன்னே?"

சொன்னான்.

"அப்ப வேம்பு?"

"அவன் மனசுக்குள்ள இருக்கட்டும். வாயாலதானே சொல்றோம்?"

"வாயாலதானேய்யா அவனுக்குப் பேரு வெச்சோம்."

"அங்கம்மா, அங்கே ஊரு இல்லை. வீடு இல்லை. திரும்பிப் போனா சாவுதான்."

"ஒண்ணுமே இல்லைன்னு சொன்னியே, இப்ப சாவு மட்டும் இருக்குதாக்கும்?"

பொன்னாண்டி இளநீரைப் படகில் வைத்துவிட்டு நின்றான்.

அவளை மணலில் இறக்கினார்கள். நாட்டார் வந்தார்கள். பெரியநாட்டார் கேட்டார். அங்கம்மா எல்லோரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என் பிள்ளை இருக்கான். வேம்புன்னு பேரு. இடது புருவத்துல தழும்பு. அடுத்த படகுல வரேன்னு சொன்னான். வந்தா ஒரு வாய்த் தண்ணி கொடுங்க."

கூட்டத்தில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு கிழவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்துவிட்டார். பெரியநாட்டார் மட்டும் அசையாமல் நின்றார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. தண்ணீர்க்குடங்களைக் கொண்டுவந்து படகில் ஏற்றினார்கள். கிழங்கும் கருவாடும் வைத்தார்கள். போர்த்திக்கொள்ள ஒரு பெண் தன் சேலை ஒன்றைக் கொடுத்தாள். அப்புறம் அவளையும் ஏற்றிப் படகைத் தள்ளிவிட்டார்கள்.

பொன்னாண்டி ஓடினான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா! நானும் போறேன்!"

"எங்கேண்ணே போவீங்க? அந்தப் பக்கம் ஒண்ணுமில்லண்ணே."

"என் பொண்டாட்டி போறாடா!"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க," என்றான் ஒருவன். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

பெரியநாட்டார் அருகில் வந்தார். "தேறாதவங்களைக் கடல் கொண்டுபோகும். நீ இந்த நாட்டு ஆளு. இல்லாத இடத்துக்கு உன்னை எப்படிப்பா அனுப்புறது?"

படகுக்காரன் படகைத் திருப்பினான். அங்கம்மா இந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது போகிற திசையை.

படகு மறைந்ததும் பிடியை விட்டார்கள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கிழங்குக்காரர்கள் கிழங்குக்கு, வலைக்காரர்கள் வலைக்கு. பொன்னாண்டி ஈர மணலில் விழுந்து கிடந்தான். வெயில் ஏறி, தணிந்து, வாத்தியாரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.

"சொல்லிட்டாத் திரும்ப முடியாதுன்னு முன்னாடியே ஏம்மா சொல்லலை?"

"சொல்லியிருந்தா?"

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்கப் பயமாக இருந்தது. பேச்சை மாற்றினான்.

"நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றதும்மா? உன் பொண்டாட்டி எங்கேன்னு?"

"கேக்க மாட்டாங்க."

"அது எப்படி? தங்கமான ஜனங்க. ஒரே கிணத்துல தண்ணி எடுக்கப்போறோம், ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடப்போறோம். உனக்கு யாரு இருந்தாங்க, அவங்க என்ன ஆனாங்கன்னு ஒருத்தர்கூடவா கேக்காம இருப்பாங்க?"

வாத்தியாரம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா என் கையில வாங்கிச் சாப்பிட்டீங்க பொன்னாண்டி," என்றார். "நீங்க கேட்டீங்களா?"