அந்த மிஷின் போச்சா, இல்லையா?

“அந்த மிஷின் போச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லீருங்க அம்மணி. இதோட மூணு ஞாயித்துக்கிழமை வந்துட்டேன்.”

மயிலாத்தாள் வாசலில் நின்றபடியே கேட்டாள். இரண்டு பஸ் மாறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

விண்வெளிக் கதைகள் எழுதும் பூங்கோதை அவளைவிட ஆறு வயது இளையவள். துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்குத் தெரியாதுக்கா.”

“எழுதினது நீங்கதானே!”

“எழுதினவரைக்கும்தான் தெரியும்.”

மயிலாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். இந்தப் பெண்ணின் கதையில் இரும்புக்குக்கூட மனசு இருக்கும். வேற்றுக் கிரகத்தில் நடந்தாலும் பக்கத்து வீட்டில் நடந்த மாதிரி தோன்றும். சோறு காய்ந்துபோவது தெரியாமல் கேட்பார்கள்.

போன மாதம் வாசித்த கதையில், விண்கப்பலில் எல்லோரும் செத்து, படுத்த படுக்கையாய் ஒரு கிழவர் மட்டும் மிச்சம். ஒரு மிஷின்தான் நாற்பது வருஷமாய் அவரைப் பார்த்துக்கொள்கிறது. ஒருநாள் கப்பல் பச்சைப்பசேலென்று ஒரு மண்ணில் இறங்குகிறது. கதவு திறக்கிறது.

‘நீ போ’ என்கிறார் கிழவர்.

அவ்வளவுதான். கதை முடிந்துவிட்டது.

“இப்படியா அந்தரத்துல விடுவாங்க? எங்க தையல் லைன்ல துளசிமணின்னு ஒருத்தி. மாமியா படுத்து ஒம்பது வருஷமாச்சு. ‘மிஷினே போயிருச்சுன்னா நானும் போயிருவேன்’னு துணியெல்லாம் பையில எடுத்து வெச்சிருக்கா. நாளைக்கு என்னையத்தான் கேப்பா. நான் என்னத்தச் சொல்ல?”

“போயிருச்சுன்னு சொன்னா?”

“கெழவி படுக்கையிலயே நாறிப்போயிரும்.”

“போகலைன்னு சொன்னா?”

“துளசிமணி செத்துப்போயிருவா. பாதி செத்துத்தான் கெடக்கறா.”

பூங்கோதை ஈரக்கையை நைட்டியில் துடைத்தாள்.

“அவங்க மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க எத்தனை பேர் வேணும்க்கா?”

“கனத்த ஒடம்பு. ரெண்டு பேராச்சும் வேணும். அத எதுக்குங்க இப்ப? நான் மிஷினைப் பத்திக் கேட்டா...”

“துளசிமணி எத்தனை பேர்? கதை கேக்கற நீங்க எத்தனை பேர்?”