மயிலானந்தம் அண்ணனின் முதல் மிக்ஸி

பழைய மிக்ஸியின் பட்டன் இடுக்கில் காய்ந்துபோன சட்னியை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் மயிலானந்தம் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு ஐம்பது தாண்டியாச்சு. அவர் பக்கத்தில் நின்ற தாஹிராவுக்கு என் வயதுதான், அவர் வயதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் இந்தப் பட்டறையில் அவள்தான் குரு, அவர்தான் சீடர்.

குப்பைக்கு வந்த மிக்ஸியைப் புதுசாக்கி விற்கிறோம். எதை எதை மாற்றினோம் என்று பிளாக்செயின் என்கிற கணினிப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். பழைய சாமான் கடை, நாங்கள், விற்கிற கடை, எல்லாரிடமும் ஒரே பதிவு இருக்கும். ஏற்றினதை யாராலும் அழிக்க முடியாது. வாங்குகிறவர்கள் அதை செல்போனில் பார்த்துவிட்டுத்தான் விலைக்குச் சம்மதிப்பார்கள்.

அண்ணன் தன் முதல் மிக்ஸிக்கு 'புது பேரிங்' என்று ஏற்றிவிட்டார். ஆனால் அந்தப் பேரிங் மாட்டப்படாமல் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

"அம்மிணி, அந்த வரியை மட்டும் எடுத்துப் போடுங்க. இது விக்கலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பீருவாங்க."

"எடுக்க முடியாதுங்ணா," என்றாள் தாஹிரா.

"அப்ப சாகற வரைக்கும் அது அங்கயேவா நிக்கும்?"

"நிக்கும். மிக்ஸியைக் கழட்டுங்க."

கழற்றினார். பேரிங்கை மாற்றினார். அவள் சொல்லச் சொல்ல, அந்த வரிக்குக் கீழே ஏற்றினார்: முன்பு சொன்னது தவறு. இன்றுதான் மாற்றினேன். மயிலானந்தம்.

"என்ற பேரு வேறயா! ஊரே சிரிக்கும். பாதி விலைக்குக்கூடப் போகாது."

தாஹிரா அலமாரியிலிருந்து இன்னொரு மிக்ஸியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வேறு யாரோ செய்தது. அதன் பதிவில் ஒரே வரி. 'எல்லாம் சரி' என்று.

"உங்க மகளுக்கு ஒண்ணு குடுக்கணும்னா எதைங்ணா குடுப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. தன்னுடையதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதையத்தான். இதுக்குள்ள என்ன கெடக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்களே."

"இப்ப வாங்கறவங்களுக்கும் தெரியும். முழு விலையே போட்டு ஒட்டுங்க."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு விட்டாரே ஒரு மூச்சு, எனக்கே நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. எனக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடு என்று தாஹிராவிடம் கேட்டுவிடலாமென்று பிரஷ்ஷைக் கீழே வைத்தேன், வாயையும் திறந்துவிட்டேன், அதற்குள் வாசலில் என் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, "வாசுகி, பாப்பா முழிச்சிருச்சு, ஓடியா!" என்று கூப்பிட்டுவிட்டார்.