வாயைத் திறக்காத கெளுத்தி

ரொம்ப காலத்துக்கு முன்னால், உப்பங்கழிக் கரையில் அலைவாய்ப்பட்டணத்தைத் திமிலரையன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நிற்காது. போதாததற்குக் கவிதை வேறு எழுதுவான். அதைக் கேட்டு 'ஆகா' போடுவதற்கென்றே பூவராகர் என்று ஒருவர் சபையில் இருந்தார். மந்திரி தெய்வச்சிலை என்பவரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

கழித்தண்ணீர் வந்து போகும் அரண்மனைக் குளத்தில் ராஜாவின் செல்லம் கொடுவா மீன்.

"கொடுவா ஒன்று போதாதா மகாராஜா? மடவை, கெளுத்தி என்று கண்ட மீனும் எதற்கு? வாரிக் கரையில் கொட்டினால் காக்கை தின்னும்," என்றார் பூவராகர்.

"செய்!" என்றான் ராஜா. யோசித்தால்தானே!

ராணியோடு சபையே குளக்கரையில் கூடியது. வலையில் முதலில் வந்தது ஒரு கெளுத்தி. வற்றிய உடம்பு, இறுக மூடிய வாய். மந்திரி சட்டென்று அதைத் தண்ணீர்த் தவலையில் விட்டார்.

"தின்னக்கூடத் துப்பில்லாத சோம்பேறி," என்று சிரித்தார் பூவராகர்.

"அது செய்கிற வேலையை நீர் ஒரு நாழிகை செய்யும்," என்றார் மந்திரி. "ஜெயித்தால் என் பதவி உமக்கு. தோற்றால் குளத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. இந்தாரும் லட்டு. வாயில் வைத்துக்கொள்ளும். விழுங்கக் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. மகாராஜா, சம்மதமா?"

"சம்மதம்!"

"இவ்வளவுதானா?" என்று லட்டைத் திணித்துக்கொண்டார் பூவராகர்.

மந்திரி மெல்ல ராஜாவிடம் திரும்பினார். "நேற்று எழுதிய கவிதையைக் கொஞ்சம் படிக்கலாமே?"

கேட்க வேண்டுமா! ராஜா ஆரம்பித்தான். முதல் வரி முடிந்ததுதான் தாமதம், பழக்க தோஷம், "ஆகா!" என்றார் பூவராகர். லட்டு ராஜாவின் மடியெல்லாம் பூந்தியாய்ச் சிதறியது.

அதற்குள் தவலையில் கெளுத்தி வாயைத் திறந்தது. உள்ளிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாய் நீந்தி வந்தன.

"தாயா?" என்றான் ராஜா.

"தகப்பன். முட்டை போட்டதோடு தாய் போய்விட்டாள். அன்றிலிருந்து இவன்தான் வாயில் சுமக்கிறான். ஒரு வாய் தின்னவில்லை."

ராஜா தவலைமேல் குனிந்து குஞ்சுகளைப் பார்த்தான். "சரி, மடவை எதற்கு?"

"அது பாசியைத் தின்னும், உங்கள் கொடுவா அதைத் தின்னும். மடவை போனால் கொடுவா பட்டினி. அதுவும் ஒரே ஜாதி மீனை வைத்துக்கொண்டால், அதற்கு நோய் வந்த அன்று குளத்தில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். இன்னொன்று, கொடுவா சின்னதில் ஆண், பெரிதானால் பெண். நீங்கள் 'சிங்கக்குட்டி' என்று கொஞ்சுகிறீர்களே, அது இப்போது பாட்டி."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டான்.

முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். கெளுத்தியையும் குஞ்சுகளையும் தன் கையாலேயே குளத்தில் விட்டான். "இனி நான் கவிதை படிக்கும்போதெல்லாம் பூவராகர் வாயில் ஒரு லட்டு இருக்கட்டும்!"

பிறகு ராணி பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "நம் கடைக்குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?"

"கடிக்கவே ஆரம்பித்துவிட்டான். வந்துதான் பாருங்களேன்," என்றாள் ராணி.

சபையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க அந்தப்புரத்துக்கு நடந்தான் ராஜா.