குழிக்கு மேலே போன சத்தம்

“இதைத் துப்பாக்கியில மாட்டினா சத்தம் சுத்தமா கேக்காதா, உஸ்தாத்?”

கேட்டவர் பெயர் வழிவிட்டான். அதிரடிப்படையில் சப்-இன்ஸ்பெக்டர், தலை நரைத்த மனிதர். உஸ்தாத் என்று அவர் கூப்பிட்டது ஏட்டு ஜெபக்கனியை. வயதிலும் சின்னவள், பதவியிலும் கீழே. ஆனால் சுடுகளத்துக்குள் சொல்லிக்கொடுக்கிறவர்தான் உஸ்தாத். எந்தக் கொம்பன் வந்தாலும் அங்கே கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

“ஏன் ஐயா கேக்குறீங்க?”

“போன மாசியில, காட்டுக்குள்ள ஒருத்தனைச் சுட்டேன். அவன் முகம்கூட மறந்துபோச்சு. துப்பாக்கிச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகமாட்டேங்குது. யாராவது கதவைச் சாத்தினாக்கூட உடம்பு தூக்கிப்போடுது. படையில இருக்கேனா, போறேனான்னு இன்னிக்குச் சாயங்காலம் சொல்லியாகணும்.”

ஜெபக்கனி ரைபிளின் வாயில் சைலன்சரைத் திருகி மாட்டி அவர் கையில் கொடுத்தாள்.

சுட்டார்.

டப் என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொண்ட இரும்போசைதான் பெரிதாகக் கேட்டது. மறுபடியும் சுட்டார். அதேதான். உடம்பு தூக்கிப்போடவில்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுபோச்சே. நான் இருக்கேன் உஸ்தாத். இது ஒண்ணு போதும், ரிட்டையர் ஆகுறவரைக்கும் ஓட்டிருவேன்.”

“நல்லது. குழிக்குப் போங்க ஐயா, பலகை தூக்கணும்.”

இலக்குப் பலகைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் நிற்கிற காங்கிரீட் குழி அது. தோட்டா தலைக்கு மேலே போகும், ஆளைத் தொடாது. புதுசாக ஒன்றைத் துப்பாக்கியில் மாட்டிச் சுட்டவர் அடுத்து அந்தக் குழியில் நின்றாக வேண்டும். அது அந்தக் களத்து வழக்கம். சைலன்சர்தானே என்று காதுக்கவசத்தை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனார், அசட்டு மனுஷன்.

பலகையை உயர்த்தினார்.

வானம் கிழிந்தது.

உச்சந்தலைக்கு மேலே, சாட்டை சொடுக்கினாற்போல. அப்புறம் ஒன்றுமே இல்லை. சுட்டது யார், எங்கிருந்து, எதுவும் தெரியவில்லை. வெறும் நீல ஆகாயம்.

வழிவிட்டானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் என்று சொல்ல முடியாது. சந்நிதியில் திரை விலகும்போது நெஞ்சு ஒரு நொடி நிற்குமே, அப்படி நின்றது.

திரும்பி வந்தவர் ஜெபக்கனியின் கையிலிருந்த ரைபிளைப் பார்த்தார்.

“துப்பாக்கிதான் அடங்கியிருக்கு. தோட்டா கத்திக்கிட்டேதான் போகுது.”

“ஆமாங்கய்யா.”

“நான் சுட்டேனே, அவனும் இதைத்தான் கேட்டிருப்பானா?”

ஜெபக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லைங்கய்யா. தோட்டா சத்தத்தை முந்திக்கிட்டுப் போகும். நம்மளைத் தாண்டிப் போனாத்தான் நமக்குக் கேக்கும். பட்டவருக்குக் கேக்காது.”

வழிவிட்டான் ரைபிளை வாங்கிக்கொண்டார்.

“அப்ப அந்தச் சத்தம் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நானாவது அதைக் கேக்கணும்.”

சைலன்சரின் மேல் விரலை வைத்தார்.

“இருக்கேன்னு சொன்னது சொன்னதுதான்,” என்றார். “இதை மட்டும் கழட்டிருங்க, உஸ்தாத்.”